விசேஷத் தலையலங்காரம் தளராமல் நிற்க: ஸ்ப்ரேக்கு முந்தைய வேலைகள்

"அழகுக்கலைப் படிப்பு முடித்துவிட்டேன். முடி வெட்டுவதும் ப்ளோ டிரை செய்வதும் கைவந்துவிட்டன. ஆனால் கல்யாணம், பட்டமளிப்பு விழா, மேடை நிகழ்ச்சி என்று விசேஷத்துக்காக வருகிறவர்களுக்குக் கொண்டை போட்டால் இரண்டு மணி நேரத்தில் தளர்ந்துவிடுகிறது. எவ்வளவு ஸ்ப்ரே அடித்தாலும் நிற்பதில்லை. என்னென்ன ஸ்டைல் கற்றுக்கொள்ள வேண்டும், எப்படிப் பயிற்சி எடுக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஸ்ப்ரேயைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். முடித்த உடனே பார்க்க நன்றாக இருந்து, அப்புறம் தளர்கிறது என்றால் உங்கள் கையில் திறமை இருக்கிறது என்றுதான் அர்த்தம். கோளாறு கடைசிப் பத்து நிமிடத்தில் இல்லை, முதல் அரை மணி நேரத்தில் இருக்கிறது. கொண்டை நிற்குமா சரியுமா என்பது முதல் ஊசி குத்துவதற்கு முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடும். ஆகவே புதிய ஸ்டைல் தேடும் முன் அந்த அரை மணி நேரத்தைச் சரிசெய்வோம்.

முடி ஒரு வடிவத்தை எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரத இழைகளைப் பல வகைப் பிணைப்புகள் சேர்த்து வைத்திருக்கின்றன. முடியை நிரந்தரமாகச் சுருட்டும் பெர்மிங் செய்யும்போது உடைவது டைசல்பைடு பிணைப்பு. அதற்கு ரசாயனம் வேண்டும். விசேஷத்துக்காக நாம் செய்கிற எல்லாமே ஹைட்ரஜன் பிணைப்பை நம்பித்தான். தண்ணீரோ சூடோ பட்டால் அது அவிழும். உலரும்போதும் ஆறும்போதும், முடி அந்த நேரத்தில் எப்படி வளைந்திருக்கிறதோ அப்படியே மறுபடி சேர்ந்துகொள்ளும். முடியைச் சுருட்டும் சூட்டுக் கருவியான அயர்னில் இருக்கும்போதே சுருள் உருவாகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அயர்னை எடுத்த பிறகு, ஆறுகிற அந்தச் சில நிமிடங்களில்தான் அது உறுதியாகிறது.

இதைத்தான் அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அயர்னிலிருந்து விடுபட்ட சுருள் சூடாகவே தொங்கும். அதன் எடையே அதைக் கீழே இழுக்கும். இழுபட்ட நிலையிலேயே ஆறும். அப்படி ஆறிய முடி அந்தத் தளர்ந்த வடிவத்தைத்தான் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் ஸ்ப்ரே அடித்து என்ன பயன்? அயர்னை உருவியதும் சுருளை உள்ளங்கையில் ஏந்துங்கள். விரலால் அது சுருண்ட அதே திசையில் மறுபடி சுருட்டி, தலையோடு சேர்த்து ஒரு கிளிப் போடுங்கள். அடுத்த கற்றைக்குப் போங்கள். தலை முழுக்க முடித்த பிறகு, முதலில் போட்ட சுருளை விரலின் பின்பக்கத்தால் தொட்டுப் பாருங்கள். துளி வெதுவெதுப்பு இருந்தாலும் கிளிப்பை எடுக்க வேண்டாம். அந்த நேரத்தில் முகத்து அலங்காரம் செய்யட்டும், நகை போட்டுப் பார்க்கட்டும். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றினாலே உங்கள் புகாரில் பாதி தீரும்.

ஈரக் காற்றில் சுருள் அவிழ்வதும், நேராக்கிய முடி சுருங்கிப் பறப்பதும் இதே காரணத்தால்தான். காற்றில் இருக்கும் ஈரம் மெதுவாக அந்தப் பிணைப்புகளை அவிழ்க்கிறது. புழுக்கமான நாளில் திறந்தவெளி நிகழ்ச்சி என்றால், விரித்துவிட்ட அலையைவிட ஏற்றிக் கட்டிய கொண்டையோ பின்னலோ நல்லது என்று நான் நேரடியாகவே சொல்லிவிடுவேன். கிளிசரின் கலந்த பொருட்களை அன்றைக்குத் தவிர்ப்பது நல்லது; அவை ஈரத்தை இழுக்கும். சிலிக்கோன் சீரம் ஒரு துளி, நடுவிலிருந்து நுனி வரை, போதும். வேருக்குப் போகக் கூடாது.

சூடு எவ்வளவு? மெல்லிய முடிக்கும், கலர் அல்லது ப்ளீச் செய்த முடிக்கும் 130 முதல் 160 டிகிரி செல்சியஸ். சாதாரண முடிக்கு 160 முதல் 180. தடித்த, முரட்டு முடிக்கு 200 வரை போகலாம். அதற்கு மேல் போக எந்தக் காரணமும் எனக்குத் தெரிந்து இல்லை. சூடு படுமுன் வெப்பப் பாதுகாப்பு ஸ்ப்ரே அவசியம், அதுவும் நன்றாக உலர்ந்த பிறகுதான் அயர்ன். ஈரமுடியில் அயர்ன் வைத்தால் உள்ளே இருக்கும் நீர் கொதித்து முடித்தண்டுக்குள் குமிழி விழும். அந்த இடத்தில் முடி பிறகு உடையும். "ஸ்ஸ்" என்று சத்தம் கேட்டால் உடனே எடுத்துவிடுங்கள்.

கற்றையின் அகலம் அயர்ன் உருளையின் விட்டத்தைத் தாண்டக் கூடாது. பெரிய கற்றையாக எடுத்தால் வெளிப்பக்கம் வெந்துபோகும், நடுவில் சூடே ஏறாது. இன்னொன்று, நீங்கள் கடைசியில் காண விரும்பும் அலையைவிட ஒரு அளவு சிறிய உருளையை எடுங்கள். 32 மில்லிமீட்டர் உருளை தரும் அலை வேண்டும் என்றால் 25 மில்லிமீட்டரில் சுருட்டுங்கள். பிரஷ் செய்யும்போது ஒரு சுற்று தளரும், நேரம் போகப்போக இன்னும் கொஞ்சம் தளரும். அந்தத் தளர்வுக்கு இடம் விட்டு ஆரம்பிக்க வேண்டும். உச்சியில் உயரம் வேண்டுமென்றால் கற்றையை மேல்நோக்கித் தூக்கிப் பிடித்துச் சுருட்டி, சுருள் அதன் வேர் மேலேயே உட்காரும்படி கிளிப் போடுங்கள். பக்கவாட்டில் படிந்து வர வேண்டுமென்றால் கீழ்நோக்கிப் பிடித்துச் சுருட்டுங்கள்.

தலைக்குக் குளித்துவிட்டு வரச் சொல்லலாமா என்று எல்லோருக்கும் ஒரு குழப்பம் உண்டு. பொதுவாக முந்தின நாள் இரவு அலசிவிட்டு, வேரில் கண்டிஷனர் படாமல், முழுக்க உலர்த்தி வரச் சொல்வது வசதி. அன்று காலையில் அலசிய முடி வழுக்கும். அதற்காக "எண்ணெய்ப் பசையோடு வந்தால்தான் நிற்கும்" என்று சொல்வதை நம்பாதீர்கள். பிசுக்கு முடி கற்றை கற்றையாகப் பிரிந்து மண்டை தெரியும், சுருளும் நிற்காது. சுத்தமான முடியில் பிடிப்பை நாமே உண்டாக்கலாம். ஈரமாக இருக்கும்போது மூஸ் என்ற நுரையைத் தடவி உலர்த்துவது ஒரு வழி. உலர்ந்த பிறகு வேரில் டிரை ஷாம்பு அல்லது டெக்ஸ்சர் பவுடர் தூவுவது இன்னொரு வழி. விரல்களுக்கிடையே கற்றையைத் தேய்த்துப் பாருங்கள். பட்டு மாதிரி நழுவினால் இன்னும் தயாராகவில்லை. லேசாகச் சொரசொரத்தால் வேலையைத் தொடங்கலாம்.

மிக மெல்லிய, வழுக்கும் முடிக்கு எனக்கு மிகவும் பிடித்த வழி கிரிம்பர், அதாவது முடியை நெளிநெளியாக்கும் சூட்டுக் கருவி. மேல் அடுக்கை எடுத்து ஒதுக்கி, உள்ளே இருக்கும் அடுக்குகளில் வேரிலிருந்து மூன்று நான்கு அங்குலம் மட்டும் கிரிம்ப் செய்துவிடுங்கள். வெளியே எதுவும் தெரியாது. உள்ளே நெளிநெளியாக இருக்கும் அந்த முடி ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு உயரம் தரும், ஊசியையும் பிடித்துக்கொள்ளும். முடியை வேரை நோக்கிப் பின்னோக்கிச் சீவித் திண்டாக்கும் பேக்கோம்பிங்கைப் பாதியாகக் குறைக்கலாம்.

பேக்கோம்பிங் என்றால் பலர் பயப்படுகிறார்கள், முடியைக் கெடுத்துவிடும் என்று. தவறாகச் செய்தால் கெடுக்கும், உண்மைதான். மேலும் கீழும் அறுப்பது போல் சீப்பை ஓட்டினால் முடியின் மேல் செதில்கள் சிதையும், சிக்கலும் பிரியாது. முறை வேறு. சீப்பைவிட அகலமில்லாத, மெல்லிய கற்றை. அதை இறுக்கமாக நேரே தூக்கிப் பிடியுங்கள். சீப்பை வேரிலிருந்து நான்கு விரல்கடை தூரத்தில் வைத்து, வேரை நோக்கி ஒரே திசையில் தள்ளிக்கொண்டு போய் அங்கேயே விட்டுவிட்டு வெளியே எடுங்கள். மறுபடி கொஞ்சம் மேலே இருந்து தள்ளுங்கள். மூன்று நான்கு தள்ளலில் வேரருகே ஒரு மெத்தென்ற திண்டு உருவாகும். கையை விட்டால் கற்றை தானாக நிற்க வேண்டும். நின்றால் போதும், அதற்கு மேல் வேண்டாம். கடைசியில் மேலே படுக்கப்போகும் கற்றையை மட்டும் தொடாமல் விட்டு, மென்மையான மயிர் பிரஷ்ஷால் மேற்பரப்பைத் தடவியது போல் சீவுங்கள். அழுத்தினால் கட்டியதெல்லாம் கரைந்துவிடும்.

இந்த வேர்த் திண்டுக்கு எவ்வளவு பலம் என்று பார்க்க வேண்டுமானால் தேன்கூடு போல உயர்ந்து நிற்கும் பீஹைவ் கொண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். சிகாகோவைச் சேர்ந்த மார்கரெட் வின்சி ஹெல்ட் 1960-ல் அதை உருவாக்கினார். அந்த உயரம் முழுக்கப் பேக்கோம்பிங் மேல் நின்றது. இன்று யாரும் அவ்வளவு உயரம் கேட்பதில்லை. ஆனால் உச்சியில் இரண்டு விரல்கடை உயர்த்துவதற்கும் அதே வேலைதான், அளவு மட்டும் குறைவு.

இப்போது ஊசிக்கு வருவோம். இங்கேதான் மீதிப் பாதிப் பிரச்சினை இருக்கிறது. கொண்டையை அழகாகச் சுருட்டிவிட்டு, அதை ஊசியால் வெறும் முடியில் குத்தி நிறுத்தப் பார்க்கிறோம். சுவரில் ஆணி அடிக்காமல் படம் மாட்டுவது போன்றதுதான் அது. ஊசி பிடித்துக்கொள்ள உள்ளே ஏதாவது ஒரு திடமான இடம் வேண்டும். பெரும்பாலான கொண்டைகளுக்கு அந்த இடம் ஒரு குதிரைவால் முடிச்சு. இல்லையென்றால் ஒரு சிறு உள்பின்னல், அல்லது குறுக்கும் நெடுக்குமாகப் போட்ட ஊசி வரிசை, அல்லது நன்றாகப் பேக்கோம்பிங் செய்த ஒரு பகுதி.

குதிரைவாலுக்குச் சாதாரண ரப்பர் பேண்டைவிட இரண்டு முனையிலும் கொக்கி வைத்த எலாஸ்டிக் நல்லது. ஒரு கொக்கியை முடியில் மாட்டி, நீட்டிச் சுற்றி, அடுத்த கொக்கியை அடியில் மாட்டிவிடலாம். முடியை வளையத்துக்குள் இழுத்து இழுத்து எடுக்க வேண்டியதில்லை என்பதால் சீவி வைத்த மேற்பரப்பு கலையாது, எவ்வளவு இறுக்கம் என்பதும் உங்கள் கையில் இருக்கும். தாழ்ந்த கொண்டை என்றால் பிடரியில் உள்ளே குழிந்திருக்கும் இடத்தில் கட்டுங்கள். தலையின் பின்பக்கம் எலும்பு புடைத்திருக்கும் இடத்தில் கட்டினால் கொண்டை வெளியே துருத்திக்கொண்டு, எடையில் மெல்லக் கீழே இறங்கும். கட்டும்போது வாடிக்கையாளர் தலை நிமிர்ந்திருக்க வேண்டும். குனிந்த தலையில் கட்டினால், அவர் நிமிர்ந்ததும் பிடரியில் முடி தொங்கிப் பை விழும்.

பாபி பின்னில் ஒரு கால் நேராகவும் ஒரு கால் நெளிந்தும் இருக்கும். நெளிந்த பக்கம் தலையைப் பார்த்து இருக்க வேண்டும், பிடிப்பு அதில்தான். அதைப் போடும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். சுருட்டிய கற்றையின் ஓரத்திலிருந்து கொஞ்சம் முடியை ஊசியின் முனையால் அள்ளுங்கள். ஊசி தலைக்குச் செங்குத்தாக நிற்கட்டும். முனை உள்ளே இருக்கும் முடிச்சை அல்லது திண்டைத் தொடும் வரை இறக்குங்கள். அங்கே லேசாக ஒரு எதிர்ப்பு தெரியும். இப்போது ஊசியை எதிர்ப்பக்கம் சாய்த்து, தலையோடு ஒட்டினாற்போலத் தள்ளுங்கள். மேல் முடியும் கீழ் முடியும் ஒன்றாக இறுகுவதை விரலில் உணரலாம். எதிர்ப்பே இல்லாமல் சுலபமாக உள்ளே போன ஊசி எதையும் பிடிக்கவில்லை. அதை எடுத்துவிடுங்கள். அது அங்கே இருந்தால் எடை மட்டும்தான் கூடும். எடை அதிகம் தாங்க வேண்டிய இடத்தில் முதல் ஊசியின் மேல் குறுக்காக இன்னொன்று போட்டுப் பூட்டுங்கள்.

நிறைய ஊசி போட்டால் நிறைய நேரம் நிற்கும் என்பது தப்புக் கணக்கு. சரியான இடத்தில் போட்ட ஊசி ஒன்று, தவறாகப் போட்ட ஐந்தைவிட அதிகம் தாங்கும். ஊசி நழுவினால் போடும் முன் அதன் மேல் கொஞ்சம் ஸ்ப்ரே அடித்து உலர விடுங்கள். பல்லால் பிரிப்பதை விட்டுவிடுங்கள்; சுகாதாரமும் இல்லை, கால்கள் அகன்று பிடிப்பும் போய்விடும். யு பின் வேறு வேலைக்கு. அது இறுக்காது. சுருளைக் கொண்டையோடு லேசாகத் தைத்து வைப்பதற்கும், விளிம்பை ஒதுக்குவதற்கும் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். பாபி பின் வேலையை யு பின்னிடம் கொடுத்ததால் சரிந்த கொண்டைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கனம் போதாத முடிக்கு டோனட் என்ற வளையத் திண்டு, வலைத் திண்டு, கிளிப் வைத்த எக்ஸ்டென்ஷன் எல்லாம் தயங்காமல் பயன்படுத்தலாம். எக்ஸ்டென்ஷனை வகிட்டுக்கும் முன்நெற்றிக் கோட்டுக்கும் குறைந்தது 2 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, வேரில் சிறிது பேக்கோம்பிங் செய்த இடத்தில் மாட்டுங்கள். நிறம் பொருந்துகிறதா என்று வேரைப் பார்க்காமல் நுனியைப் பார்த்து முடிவு செய்யுங்கள், ஏனென்றால் கலக்கப்போவது அங்கேதான். செயற்கை முடி என்றால் அயர்ன் வைக்கும் முன் அதன் உறையில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். சாதாரண செயற்கை இழை உருகிவிடும்.

இவ்வளவும் கையின் வேலை. பேச்சு வேலை ஒன்று இருக்கிறது, அதுவும் திறமைதான். வருகிறவர் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டுவார். "இது வராது" என்றும் சொல்ல வேண்டாம், "செய்துடலாம்" என்றும் சொல்ல வேண்டாம். "இதுல உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?" என்று கேளுங்கள். உயரமா, பக்கத்தில் விட்ட முடியா, பின்னலா, மொத்தத்தில் ஒரு கலைந்த தோற்றமா? பெரும்பாலும் ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான் அந்தப் படம் பிடித்திருக்கும். அதை எடுத்து அவருடைய முடிக்கு ஏற்றபடி செய்யலாம்.

படங்களில் ஒரு விஷயத்தை நீங்களே விளக்க வேண்டும். வெளிர் நிற முடியிலும், பல நிறச் சாயல் ஏற்றிய முடியிலும் ஒவ்வொரு முறுக்கும் நிழலோடு தனித்தனியாகத் தெரியும். ஒரே சீரான கறுப்பு முடியில் அதே கொண்டையைப் போட்டால் நுணுக்கமெல்லாம் கறுப்பில் கரைந்துவிடும், குறிப்பாகப் புகைப்படத்தில். அதனால் கறுப்பு முடியில் சின்னச் சின்ன முறுக்குகளில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். பெரிய வளைவுகள், அகலமாக விரித்த பின்னல், தெளிவான விளிம்புகள், கொஞ்சம் பளபளப்பு. இவைதான் கறுப்பில் எடுபடும். மேலே தெளிக்கும் ஷைன் ஸ்ப்ரே ஒளியை வாங்கி வளைவைக் காட்டும்.

கல்யாணப் பெண்ணுக்கோ மேடையேறுபவருக்கோ முன்னோட்டம் ஒன்று கட்டாயம் வையுங்கள். நான்கிலிருந்து ஆறு வாரம் முன்னால் வைத்தால் முடி வெட்டவோ கலர் செய்யவோ அவகாசம் இருக்கும். கலர் செய்வதென்றால் 48 மணி நேரம் முன்பே தோலில் ஒவ்வாமைச் சோதனை. முன்னோட்டத்துக்கு உடையின் கழுத்து வெட்டைப் படமாவது எடுத்து வரச் சொல்லுங்கள். காதணி, தலையில் வைக்கும் அணிகள், முக்காட்டுத் துணி எல்லாம் நேரில் வேண்டும். கழுத்து மூடிய உடைக்கு முடியைத் தோளில் விட்டால் கழுத்தே காணாமல் போகும். முதுகில் வேலைப்பாடு உள்ள உடைக்கு முடியை விரித்துவிட்டால் அந்த வேலைப்பாடு வீண்.

முடித்ததும் தலையை நன்றாக ஆட்டச் சொல்லுங்கள். குனிந்து நிமிரட்டும், ஒருவரைக் கட்டிப்பிடிக்கட்டும். "எங்கேயாவது இழுக்குதா?" என்று ஒரு தடவை பொதுவாகக் கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும், மரியாதைக்காகச் சொல்வார்கள். நெற்றியோரம், காதுக்குப் பின்னால், பிடரி என்று இடம் இடமாகத் தொட்டுக் கேளுங்கள். உட்கார்ந்திருக்கும்போது லேசாக உறுத்துகிற ஊசி நான்கு மணி நேரம் கழித்துத் தலைவலியாகிவிடும். முன்நெற்றி முடி அளவுக்கு மீறி இழுபட்டிருந்தால் தளர்த்தியே ஆக வேண்டும். அடிக்கடி மேடை ஏறுகிறவர்களுக்கு அந்த இழுவை தொடர்ந்தால் நெற்றியோர முடி உதிர ஆரம்பிக்கும்.

முன்புறம், இரண்டு பக்கம், பின்புறம் என நான்கு கோணத்திலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் தெரியாத கோணல் கைபேசிப் படத்தில் பளிச்சென்று தெரியும். ஃபிளாஷ் போட்டும் ஒரு படம் எடுங்கள். வகிட்டில் மண்டை எங்கே வெள்ளையாகத் தெரிகிறது என்று அப்போதுதான் தெரியவரும். அந்த இடத்தில் முடி நிறத்திலேயே ஃபைபர் பவுடர் தொட்டு வைத்தால் போதும். எவ்வளவு நேரம் ஆனது, என்னென்ன பொருள், எத்தனை ஊசி என்று எழுதி வையுங்கள். அவரும் அன்று மாலை வரை அவிழ்க்காமல் இருந்து, எந்த இடம் முதலில் தளர்ந்தது என்று உங்களுக்குச் செய்தி அனுப்பட்டும். உங்களுக்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது.

சுருட்டை முடிக்கு ஒரு வார்த்தை. அதை நேராக்கி, பிறகு அயர்னில் சுருட்டி, கடைசியில் கொண்டை போடுவது தேவையில்லாத சுற்று. இயற்கையான சுருளே அருமையான பிடிப்பு. ஈரத்தில் லீவ் இன் கண்டிஷனரும் ஜெல்லும் தடவி, சுருளைக் கலைக்காமல், டிரையரின் காற்றைப் பரப்பிவிடும் டிஃப்யூசரில் உலர்த்தி, அப்படியே விரலால் ஒதுக்கி ஒதுக்கி ஏற்றிக் கட்டுங்கள். உலர்ந்த சுருளில் பிரஷ் வேண்டாம். நெருங்கிய சுருள் முடியைத் திரட்ட, அளவை மாற்றிக்கொள்ளக்கூடிய நாடா வகைக் கட்டுதான் சரி. சாதாரண எலாஸ்டிக் அதில் அறுந்துவிடும்.

எந்த ஸ்டைல் கற்றுக்கொள்வது என்று கேட்டீர்கள். ஆறு போதும். வழுவழுப்பான குதிரைவால். தாழ்ந்த கொண்டை. ஃபிரெஞ்சு ட்விஸ்ட். உள்பக்கமாகப் போகும் ஃபிரெஞ்சுப் பின்னலும் வெளியே புடைத்து வரும் டச்சுப் பின்னலும் சேர்த்து ஒன்று. பாதி முடியை ஏற்றி மீதியை விடுவது ஒன்று. கடைசியாக ஹாலிவுட் அலை. நீங்கள் பார்க்கிற ஆயிரம் படங்களும் இந்த ஆறின் கலவைகள்தான்.

இவற்றில் ஃபிரெஞ்சு ட்விஸ்ட்டை முதலில் பழகுங்கள் என்பேன். முடியை ஒரு பக்கமாகச் சீவி, நடுக்கோட்டில் மேலிருந்து கீழாக ஒன்றையொன்று தழுவினாற்போல ஊசி வரிசை போட்டு, அதன் மேல் மீதி முடியைச் சுருட்டி மடக்க வேண்டும். அந்த மறைந்த வரிசை சரியில்லையென்றால் ட்விஸ்ட் உடனே சொல்லிவிடும். பிடிமானம் கட்டக் கற்றுக்கொள்ள இதைவிட நேர்மையான பாடம் இல்லை. பின்னலில் கவனிக்க வேண்டியது கை தலையோடு ஒட்டியிருப்பது; கை விலகினால் பின்னலும் தொங்கும். கண்ணிகளை இழுத்து அகலப்படுத்தும்போது நுனியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கீழிருந்து மேலே வாருங்கள். ஹாலிவுட் அலைக்கு எல்லாச் சுருளும் ஒரே திசையில் சுருள வேண்டும். ஆறிய பிறகு பொறுமையாக பிரஷ் செய்துகொண்டே இருந்தால் அலைகள் தாமாக ஒன்றோடொன்று சேரும். சேர்ந்ததும் பள்ளங்களில் நீளக் கிளிப் போட்டு வையுங்கள். நடுவில் ஒரு கட்டத்தில் முடி பறந்து, கெட்டுப்போனது போலத் தெரியும். பயந்து நிறுத்திவிடாதீர்கள், இன்னும் சீவுங்கள்.

பயிற்சிக்கு டம்மி தலை நல்ல தொடக்கம். ஆனால் அதன் முடி அடர்த்தியானது, வலிக்கிறது என்றும் சொல்லாது. அதில் மட்டும் பழகினால் கை முரடாகிவிடும். ஒரே கொண்டையை மெல்லிய, தடித்த, சுருண்ட, குட்டையான என்று வேறுவேறு நிஜ முடிகளில் போட்டுப் பாருங்கள். பத்து ஸ்டைலை ஒவ்வொரு தடவை செய்வதைவிட இது பல மடங்கு சொல்லிக்கொடுக்கும். கடிகாரம் வைத்துக்கொண்டு செய்யுங்கள். பயிற்சியின்போது ஸ்ப்ரே பாட்டிலை எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள். ஸ்ப்ரே இல்லாமல் ஒரு மணி நேரம் நிற்கிற கொண்டைதான் ஸ்ப்ரேயோடு நாள் முழுக்க நிற்கும்.

ஸ்ப்ரே அடிக்கும்போது 25 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி நின்று, மெல்லிய அடுக்காக, ஒவ்வொன்றும் உலர்ந்த பிறகு அடுத்தது. கிட்டத்தில் அடித்தால் நனைந்து, கனத்து, அதுவே கொண்டையைத் தளர்த்தும். அது எரியக்கூடியது. அடித்த ஈரம் உலரும் முன் அயர்னைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

நிகழ்ச்சி நாளில் நேரத்தைப் பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். அவர் கிளம்ப வேண்டிய நேரம், அதற்கு முன் உடை மாற்ற அரை மணி, அதற்கு முன் எதிர்பாராத தாமதத்துக்கு இன்னொரு அரை மணி. சாதாரணக் கொண்டைக்கு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி, மணப்பெண்ணுக்கு ஒன்றரை மணி வரை வையுங்கள். கூட வருகிறவர்களில் முடி நன்றாக நிற்கிறவரை முதலில் உட்கார வையுங்கள். வழுக்கும் முடிக்காரரையும் குழந்தைகளையும் கடைசிக்குத் தள்ளுங்கள். மணப்பெண்ணை மட்டும் கடைசியில் வைக்க வேண்டாம். தாமதமெல்லாம் சேர்ந்து அவர் தலையில்தான் விடியும். எல்லோரையும் முன்பக்கம் பொத்தான் உள்ள சட்டையில் வரச் சொல்லுங்கள். தலை வழியாகக் கழற்ற வேண்டிய உடையில் வந்துவிட்டால் உங்கள் வேலை முழுக்க வீண், அல்லது அந்த உடைக்குக் கத்தரிக்கோல்.

உட்கார்ந்ததும் மண்டையை ஒரு முறை பார்த்துவிடுங்கள். புண்ணோ பேனோ இருந்தால் மற்றவர் காதில் விழாதபடி அவரிடம் மட்டும் சொல்லுங்கள், அன்றைக்குத் தொடர வேண்டாம். முன்னோட்டத்திலேயே இதைப் பார்த்துவிட்டால் கடைசி நேரச் சங்கடம் இருக்காது. சீப்பு, பிரஷ், கிளிப் ஒவ்வொருவருக்குப் பிறகும் கழுவிக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும். அதற்காக இரண்டு மூன்று செட் வைத்துக்கொள்ளுங்கள்.

முக்காட்டுத் துணியோ கனமான அணியோ வைப்பதென்றால் அதற்கும் உள்ளே ஒரு பிடிமானம் முன்கூட்டியே கட்டியிருக்க வேண்டும், கடைசியில் செருகிவிடலாம் என்று விடாதீர்கள். விழா நடுவில் அதைக் கழற்றப்போகிறார்களா என்று கேளுங்கள். ஆமாம் என்றால், கூட இருக்கும் ஒருவரை அழைத்து, எந்த இரண்டு ஊசியை எடுத்தால் துணி மட்டும் வரும், கொண்டை அசையாது என்று தொட்டுக் காட்டிவிடுங்கள். அவர் கையிலேயே நான்கைந்து ஊசியும் ஒரு சின்ன ஸ்ப்ரேயும் கொடுத்து அனுப்புங்கள்.

அவிழ்ப்பதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வாடிக்கையாளர் நள்ளிரவில் களைப்போடு இழுத்துப் பிய்த்து முடியை உடைத்துக்கொள்கிறார். எத்தனை ஊசி போட்டீர்கள் என்பதைச் செய்தியாக அனுப்புங்கள், எண்ணி எடுக்கட்டும். ஊசி எல்லாம் வந்த பிறகுதான் எலாஸ்டிக். அப்புறம் தலையை நனைக்காமல் முதலில் கண்டிஷனரைத் தாராளமாகத் தடவி, சில நிமிடம் ஊற விட்டு, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக வேர் வரை பிரித்துக்கொண்டு போக வேண்டும். ஷாம்பு அதற்குப் பிறகு.